மயில் இறங்கும் பக்கம்

யோகலட்சுமியின் இடது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. கல்யாணத்துக்கு முன்பு கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலைபார்த்தபோது தீயில் வெந்த கை அது. புதூருக்குக் கிழக்கே இருக்கிற அந்தக் கரிசல் ஊருக்குத் தங்கச்சாமி அவளைக் கட்டிக்கொண்டுவந்த முதல் வருஷம், களைவெட்டுக்கும் பருத்தி எடுப்புக்கும் போய்ப் பார்த்தாள். களைசுரண்டி பிடியில் நிற்காமல் நழுவியது. மற்றப் பெண்கள் நிரையை முடித்துத் திரும்பும்போது அவள் நடுப்புஞ்சையில் நின்றுகொண்டிருப்பாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருஷம் யாரும் கூப்பிடவும் இல்லை.

“நீ கூலிக்கெல்லாம் போகண்டாம். நம்ம புஞ்சையில காவல் இல்லாம பாதி வெள்ளாமையைக் குருவிதான் திங்குது. பரண் போட்டுத் தாரேன். உக்காந்து விரட்டு” என்றான் தங்கச்சாமி.

அவள் பறவை பார்க்க ஆரம்பித்தது அப்படித்தான்.

ஒட்டிய விரல்களால் கவண் சுற்ற முடியாது. அவளிடம் இருந்ததெல்லாம் ஒரு தகர டப்பாவும் தொண்டையும். கூட்டம் கதிரில் விழுந்துவிட்டால் டப்பாச் சத்தத்துக்கு அசையாது. விழுவதற்கு முன்பே, வருகிற திசை பார்த்துச் சத்தம் கொடுக்க வேண்டும். எந்தப் பறவை எந்நேரம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்துப் பார்த்து, பிறகு விரட்ட வேண்டாத பறவைகளையும் பார்க்கத் தொடங்கினாள். ஒரு கட்டத்தில் அது இல்லாமல் அவளுக்குப் பொழுது போகவில்லை.

ஐப்பசி மழையில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்தால் நாரையும் கரண்டிவாயனும் இறங்கும். கார்த்திகையில் கரண்டுக் கம்பி நெடுக வால் பிளந்த தகைவிலான்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். மார்கழிப் பனியில் சாம்பல் நிறத்தில் ஒரு பருந்து வரும். மற்றப் பருந்துகளைப் போல உயரத்தில் வட்டமடிக்காது. பயிரை உரசுகிற மாதிரித் தாழப் பறந்து, எதையோ தொலைத்தவனைப் போல வரப்பு வரப்பாகத் தேடிக்கொண்டு போகும். ஊரில் அதற்குத் தனிப் பெயர் இல்லை. அவளாகத் ‘தேடுபருந்து’ என்று வைத்துக்கொண்டாள். தையில் சோளம் பால்பிடித்ததும் சூறைக்குருவிகள் வந்துவிடும். கறுப்புத் தலையும் ரோஸ் முதுகுமாகப் புகைபோல எழுந்து புகைபோலக் கவிழும். அந்த மாதம் முழுக்க அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருக்கும். பங்குனியோடு வந்ததெல்லாம் போய்விடும். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கிற மண்ணிலிருந்து வானம்பாடி மட்டும் நேர்செங்குத்தாக ஏறிப் பாடிவிட்டுக் கல் விழுவதுபோல விழும். ஆடிக் காற்றுக்கு அதுவும் அடங்கிவிடும். வருஷம் பூராவும் கூடவே இருந்தது கவுதாரிதான். விடிந்தால் வேலிக்கருவைக்குள்ளிருந்து அதன் கத்தல் கேட்காமல் அவள் பரணேறியது கிடையாது.

தங்கச்சாமிக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. அவள் எதையாவது சொல்ல ஆரம்பித்தால், “சரி சரி, கதிரு எப்படி இருக்கு?” என்பான். கெட்டவன் இல்லை. அவளை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. மண் அவனை நிம்மதியாக இருக்கவிட்டதில்லை, அவ்வளவுதான்.

கேட்கிறதற்கு ஒரு ஆள் இருந்தார். ஊர்க் கடைசி வீட்டு ராமசுப்பு. வெள்ளாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வருவார். தங்கச்சாமிக்குச் சித்தப்பா முறை. யோகலட்சுமி மாமா என்பாள். இளைப்பு நோய்க்காரர். பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். அப்படி நிற்கிற இடம் பெரும்பாலும் பரணடியாக இருக்கும். “என்ன தாயி, இன்னைக்கு என்ன வந்துச்சு?” என்று அண்ணாந்து கேட்பார். அவள் சொல்வாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே மூச்சை வாங்கிவிட்டுப் போவார். காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியாது. கேட்டார் என்பதே அவளுக்குப் போதும்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் மயில்கள் மிஞ்சிப்போயின. அதற்கு முன்பு எங்கோ தூரத்தில் அகவல் கேட்கும், அவ்வளவுதான். ஓடை நெடுக வேலிக்கருவை அடர்ந்து காடான பிறகு அதற்குள்ளேயே குடியிருந்து குஞ்சுபொரித்துப் பெருகிவிட்டன. புரட்டாசியில், மழைக்கு முன்பாகத் தங்கச்சாமி மக்காச்சோளம் விதைத்தான். ஈரம் படுகிறவரை விதை மண்ணுக்குள் சும்மா கிடக்கும். மயில்கள் உழவுச் சால் பிடித்தாற்போல ஒரே நேராகக் கிளறி, ஒரு விதை விடாமல் எடுத்தன. யோகலட்சுமி ஒரு மூலையில் டப்பாவைத் தட்டினால் அடுத்த மூலையில் இறங்கின. மச்சினன் வீட்டில் போய் நின்று மறுவிதை வாங்கிவந்து விதைத்தான். அதையும் கிளறின.

வனத்துறை ஆளிடம் போய்ச் சொன்னான். “கையைக் கிய்யை வச்சிராதே, ஜாமீன் கிடைக்காது. விரட்டிக்கோ” என்று அந்த ஆள் சொல்லி அனுப்பினார்.

அன்று பொழுது சாய வீட்டுக்கு வந்தான். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே தணிந்த குரலில் கேட்டான்.

“ஏட்டி, அந்த மயிலுக எந்தப் பக்கமா இறங்குது?”

காவல் சரியில்லை என்று ஏசப்போகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். முகத்தைப் பார்த்தாள். ஏச்சு இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான்.

“ஓடைக்கரைப் பக்கமாத்தான். நேரா புஞ்சைக்குள்ள வராது. கிழக்கு வரப்புல சாஞ்ச வன்னிமரம் இருக்குல்லா, அதுக்கடியில வந்து கொஞ்சநேரம் நிக்கும். பெட்டைதான் முதல்ல வரும். கழுத்தை நீட்டி நீட்டிப் பாக்கும். ஒருத்தரும் இல்லைன்னு தெரிஞ்ச பெறகுதான் மத்தது வரும்.”

“எந்நேரம்?”

“நல்லா வெளுக்கதுக்கு முன்னாடி ஒருக்கா, வெயில் தாழ ஒருக்கா. அதுல ஒரு பெட்டைக்குக் கால் சரியில்ல. அது கடைசியாத்தான் வரும். அது வாரவரைக்கும் ஒரு ஆண்மயில் மரத்தடியிலயே நிக்கும், பாத்துக்கோங்க. எனக்கே அதிசயமா இருக்கும்.”

அவன் தலையாட்டினான். மரத்தடியில் எந்த இடம், எத்தனை சால் தள்ளி என்று கேட்டான். கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே போனாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவன் இத்தனை நேரம் உட்கார்ந்து அவள் பேச்சைக் கேட்டதில்லை. சோறு ஆறிப்போனது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

“உங்கம்மாவைப் பாத்து ரொம்ப நாளாச்சில்ல” என்றான் கைகழுவும்போது. “நாளைக்குக் கிளம்பி கோவில்பட்டி போயிட்டு வா. ரெண்டு நாள் இருந்துட்டு வா. காவலை நான் பாத்துக்கிடுதேன்.”

அவள் சந்தோஷமாகத்தான் போனாள். ஆனால் ஒரு ராத்திரிக்கு மேல் அங்கே இருப்புக்கொள்ளவில்லை. அவன் ஒற்றையாளாகப் புஞ்சைக்கும் வீட்டுக்கும் அலைவானே என்று மறுநாள் விடிந்ததும் முதல் பஸ் ஏறிவிட்டாள்.

ஊருக்குப் பிரிகிற விலக்கில் இறங்கியவள் வீட்டுப் பாதையை விட்டுப் புஞ்சை வழியாக நடந்தாள். வானம் மூடி ஈரக்காற்று அடித்தது. நடக்க நடக்க என்னவோ குறைகிறாற்போல இருந்தது. ஓடைக்கரை வந்த பிறகுதான் என்னவென்று விளங்கியது. கவுதாரி கத்தவில்லை. கள்ளிப்புறாவின் முனகல்கூட இல்லை.

கரையின் அந்தப் பக்கம் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ராமசுப்பு குனிந்து எதையோ எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா அது?”

“கவுதாரி தாயி! வரப்போரத்துல மூணு நாலு கிடக்கு. எதுவோ அடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கு. இன்னும் சூடு ஆறலை.” வெற்றிலை வாய் தெரியச் சிரித்தார். “உங்க அத்தை கறி தின்னு எவ்வளவு காலமாச்சுங்கே.”

அவளும் சிரித்துவிட்டு நடந்தாள். கவுதாரியை அடிக்கிற பருந்து அதைப் போட்டுவிட்டுப் போகாதே என்று நாலு எட்டு நடந்த பிறகு தோன்றியது. அந்த யோசனையோடுதான் கிழக்கு வரப்புக்கு வந்தாள்.

வன்னிமரத்தடியில் ஒரு மைனா தரையில் உட்கார்ந்திருந்தது. அவள் கிட்டத்தில் போயும் பறக்கவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது. றெக்கை இரண்டும் நடுங்கின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் சாய்ந்தது. அதைச் சுற்றிச் சோளம் சிதறிக் கிடந்தது. வெறும் சோளம் இல்லை, ஊதா ஏறிய சோளம். பருத்தியில் பூச்சிக்கு வைக்கிற குருணை மருந்தின் நாற்றம் அடித்தது. மரத்துக்குத் தெற்கே ஒரு கட்டில் அளவுக்கு மண் புதிதாகப் புரட்டி மிதித்துவிடப்பட்டிருந்தது. மண்ணுக்கு வெளியே நீலக் கழுத்து இறகு ஒன்று காற்றில் ஆடியது.

அவன் எதற்காகக் கேட்டான் என்று அப்போது தெரிந்தது. அவள் சொன்ன இடம்தான். அவள் சொன்ன மரம். சால்கூடத் தப்பவில்லை.

வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. தங்கச்சாமி தொட்டியடியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் திடுக்கிட்டான்.

“ரெண்டு நாள் இருக்கச் சொன்னேம்லா?”

“ராமசுப்பு மாமா செத்த கவுதாரியை எடுத்துக்கிட்டுப் போறாவ” என்றாள். மயிலைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. “ஆக்கித் தின்னா என்ன ஆகும்?”

அவன் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு அவள் தோளைப் பிடித்து உள்ளே கொண்டுபோனான்.

“சத்தம் போடாத. மயிலுக்குத்தான் வச்சேன். அது தின்ன மிச்சத்தை மத்தது பொறுக்கும்னு நான் கண்டேனா? வெளிய தெரிஞ்சா என் கதி என்னன்னு தெரியும்லா?”

“மாமாகிட்ட மட்டுமாவது சொல்லிருவோம்.”

“அவருகிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. இப்போ ஆட்டை விட்டுட்டு வீட்டுக்கா போயிருவாரு? பொழுது சாயத்தான் போவாரு. அதுக்குள்ள நான் போயி பக்குவமா வாங்கிருதேன். நீ பேசாம இரு.”

அவள் பேசாமல் இருந்தாள். உலை வைத்தாள். அரிசி களைந்தாள். பொழுது சாயத்தான் போவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் இளைப்புக்காரர் ஈரக்காற்று அடிக்கிற மூடாக்கு நாளில் அவ்வளவு நேரம் வெளியே நிற்க மாட்டார் என்று, தினம் தினம் அந்த மந்தையைப் பார்க்கிறவளுக்குத் தெரியாதா? தெரிந்தது. சோறு வெந்தது. வடித்தாள். தங்கச்சாமி கயிற்றுக் கட்டிலில் போய் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தான். சித்தப்பாவைத் தேடிப் போகிறவனாகத் தெரியவில்லை. கடைசியில் ஒரு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீருக்கு என்று சொல்லி வெளியேறினாள். தெரு திரும்பியதும் குடத்தை ஒரு வாசலில் வைத்துவிட்டு ஓடினாள்.

கடைசி வீட்டு முற்றத்தில் கவுதாரி இறகு சிதறிக் கிடந்தது. ஆடுகள் அடைக்கப்படாமல் முற்றத்தில் நின்று கத்தின. ராமசுப்பு வாசற்படிக்குக் குறுக்கே விழுந்து கிடந்தார். வாயில் நுரை. வேட்டி நனைந்திருந்தது. உள்ளே அவர் பெண்டாட்டி வெயிலம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

“யோகம்… கண்ணு தெரியலட்டி… அவருக்கு இளைப்பு வந்துட்டுன்னு நெனச்சேன்…”

அவள் போட்ட கூப்பாட்டில் தெருவே ஓடிவந்தது. யாரோ லோடு ஆட்டோ கொண்டுவந்தார்கள். இரண்டு பேரையும் தூக்கிப் போட்டார்கள். அவள் வெயிலம்மாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். தங்கச்சாமியும் ஓடிவந்து பின்பக்கம் தொற்றிக்கொண்டான். வழி முழுக்க அவன் அவளைப் பார்த்தான். அவள் ராமசுப்புவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டும்போது அதுவும் நின்றிருந்தது.

வெயிலம்மாளைக் கட்டிலில் போட்டதும் டாக்டரம்மா கண்ணிமையை விரித்துப் பார்த்தார்.

“என்ன சாப்பிட்டாங்க? ஏதாவது மருந்தா? கூட வந்தவங்க யாரு, சொல்லுங்க.”

“கறி ஆக்கித் தின்னுருக்காவ. அதுதான் ஒத்துக்கலை போல” என்றார் ஊர்க்காரர் ஒருத்தர்.

“வெறும் கறியில இப்படி வராது. என்ன விஷம்னு தெரிஞ்சா உடனே அதுக்குண்டான ஊசியைப் போடலாம். நேரம் இல்லை, தெரிஞ்சவங்க சொல்லுங்க.”

தங்கச்சாமி கதவோரத்தில் நின்றான். கையை வயிற்றுக்கு நேராக வைத்து, வேண்டாம் வேண்டாம் என்று விரலை மட்டும் ஆட்டினான். அந்த முகத்தில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. 

“குருணை மருந்து” என்றாள் யோகலட்சுமி. “பருத்திக்கு வைக்கது. எங்க புஞ்சையில மயிலுக்குச் சோளத்துல கலந்து வச்சிருந்துச்சு. அதைத் தின்ன கவுதாரியைத்தான் ஆக்கியிருக்காவ.”

டாக்டரம்மா திரும்பி நர்சிடம் ஊசியின் பெயரைச் சொன்னார்.

வெயிலம்மாள் பிழைத்தாள். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டு, கறியை எல்லாம் அவருக்கே போட்டிருந்தாள்.

போலீசும் வனத்துறையும் ஒன்றாக வந்தார்கள். இடத்தைக் காட்டச் சொன்னபோது யோகலட்சுமிதான் காட்டினாள். தோண்டித் தோண்டி வரப்பில் வரிசையாகக் கிடத்தினார்கள். மண் அப்பிய தோகைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு வந்தன. அவள் ஒவ்வொன்றின் காலையும் பார்த்தாள். கோணல்கால் பெட்டையும் இருந்தது. தங்கச்சாமியை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது தொழுவத்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவில்லை என்று மட்டும் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னான்.

கட்டினவனைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊர் சொன்னது. அவள் காதுபடவே சொன்னது. கடையில் சாமான் கேட்டால் கடைசியாகக் கொடுத்தார்கள். ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. புஞ்சையில் விதை இல்லை, புல் முளைத்தது. காவலுக்கு ஒன்றுமில்லை என்றாலும் பரணில் போய் உட்கார்ந்தாள், வீட்டில் இருக்க முடியவில்லை. தகைவிலான் வந்தது. தேடுபருந்து வந்தது. ஆனால் முன்பு பார்த்த மாதிரி அவளால் பார்க்க முடியவில்லை. எந்தப் பறவை தரையில் உட்கார்ந்தாலும் அது எழுந்து பறக்குமா என்றுதான் பார்த்தாள். கொஞ்சம் தாமதித்தாலும் பரணில் இருக்க மாட்டாள். இறங்கி ஓடி அதை எழுப்பிவிட்டு வருவாள். சூறைக்குருவிக் கூட்டம் கவிழ்ந்து இறங்கியபோது இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

மாசியில் தங்கச்சாமி ஜாமீனில் வந்தான். மெலிந்து, தாடியும் நரையுமாக வந்தான். அவள் சோறு போட்டாள். அவன் தின்றான். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரேயொரு தடவை கேட்டான்.

“டாக்டர் பாத்தாலே கண்டுபிடிச்சிருப்பாங்கள்லா? நீ சொல்லாட்டியும்?”

“தெரியலை” என்றாள்.

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. சீக்கிரம் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விடப்போவதாகச் சொன்னான். அவளையும் வா என்று சொல்லவில்லை.

வெயிலம்மாள் வந்தது அவன் கிளம்புவதற்கு முதல்நாள். வெயில் இறங்கிய பிறகு, கம்பை ஊன்றிக்கொண்டு, ஆடுகளைத் தெருவில் நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். அந்தச் சாவுக்குப் பிறகு அவள் இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்ததில்லை. தங்கச்சாமி எழுந்து உள்ளே போய்விட்டான். யோகலட்சுமி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் அதைத் தொடவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றாள் வெயிலம்மாள். “கேட்டுருவோம் கேட்டுருவோம்னு இருந்தேன். நீ கோவில்பட்டிக்குப் போயிருந்தேல்லா, அன்னைக்கு எந்த பஸ்ஸுல வந்தே?”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. தங்கச்சாமி கேட்டுக்கொண்டிருந்தான்.

மதிய பஸ் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அத்தோடு முடிந்துபோகும். அவள் வந்ததை வெளியாள் யாரும் பார்க்கவில்லை. பார்த்த ஒருத்தரும் மண்ணுக்குள் இருந்தார்.

“முதல் பஸ்ஸுல அத்தை.”

“அவரைப் பாத்தியா?”

“பாத்தேன். துண்டுல கவுதாரியைச் சுத்திக்கிட்டிருந்தாவ. பேசினேன். அப்போ எனக்குத் தெரியாது. வன்னிமரத்தடிக்குப் போன பெறகுதான் தெரியும்.”

“அதுக்குப் பெறகு?”

“வீட்டுக்கு வந்தேன்.” யோகலட்சுமி உள்பக்கம் திரும்பிப் பார்த்தாள். “இவிய சும்மா இருன்னு சொன்னாவ. நான் உலை வச்சேன் அத்தை. சோறு வடிக்கவரைக்கும் வீட்டுலதான் இருந்தேன்.”

வெயிலம்மாள் தெருவில் நின்ற ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குட்டி வாசலுக்கு வந்து சொம்புத் தண்ணீரை மோந்தது. அதைக் கம்பால் மெல்லத் தள்ளினாள்.

“நான் அரைக்கத்தானே அவ்வளவு நேரம் ஆச்சு” என்றாள் தனக்குள் பேசுகிறவளைப் போல. “மசாலை அரைச்சு, வேகவச்சு… அவரு பசிக்குப் பசிக்குன்னு ரெண்டு தடவை வந்து எட்டிப் பாத்தாரு.”

யோகலட்சுமி அவள் காலைத் தொடக் குனிந்தாள். வெயிலம்மாள் காலை இழுத்துக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரியில வாயைத் திறந்து என் உசிரைக் காப்பாத்துனவன்னு இத்தனை நாளா ஊரோட சண்டை போட்டுருக்கேன். உன்னை ஏசுன ஒவ்வொருத்திகிட்டயும் போட்டுருக்கேன். ஒருநா வந்து உன் கையைப் பிடிச்சுச் சொல்லணும்னு இருந்தேன்.” கம்பை ஊன்றி எழுந்தாள். “இனிமே அது வேண்டாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஆடுகளை ஓவ் ஓவ் என்று கூப்பிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். கடைசி ஆடு திரும்புகிறவரை யோகலட்சுமி குனிந்த இடத்திலேயே நின்றாள். பிறகு சொம்பை எடுத்துத் தண்ணீரை வாசலில் ஊற்றினாள்.

மறுநாள் காலையில் தங்கச்சாமி பையைத் தூக்கிக்கொண்டு விலக்குக்குப் போனான். அதற்குப் பிறகு வெயிலம்மாள் மந்தையை யோகலட்சுமியின் பரண் பக்கம் விடாமல், கண்மாய் மேட்டைச் சுற்றி வேறு பாதையில் ஓட்டிப்போனாள். அது தூரம் கூடிய பாதை, வயசானவளுக்கு நடக்க முடியாத பாதை.